முதல் மெடிசின் அப்பொயின்ட்மென்ட்: டிக்கெட்டைத் திறக்க முதல் எழுதுங்கள்

ஒரு மாணவர் கேட்ட கேள்வி இரண்டு. திருகோணமலைப் பிள்ளை, வெளி மாவட்ட மருத்துவ பீடமொன்றில் மூன்றாம் வருடம். முதலாவது மெடிசின் அப்பொயின்ட்மென்ட் (பொது மருத்துவ வாட்டில் பயிற்சிக் காலம்) அடுத்த மாதம் தொடங்குகிறது. வாட்டுக்குப் போய் உண்மையில் என்ன செய்வது, எப்படிப் படிப்பது? அதற்கு முன் வருகிற இரண்டு வார விடுமுறையில் ஊர் ஆஸ்பத்திரியில் நின்றால் பிரயோசனம் உண்டா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். நிற்கலாம், நல்லது. ஆனால் தெரிந்த டொக்டர் ஒருவர் 'வாங்கோ' என்றார் என்பதற்காக வெள்ளைக் கோட்டோடு போய் நிற்க வேண்டாம். பீடத்தின் கடிதம், வைத்தியசாலைப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி, அந்த வாட்டுக்குப் பொறுப்பான கன்சல்டன்ட்டின் (விசேட வைத்தியரின்) சம்மதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் (0, 1, 6 மாதம்) முடிந்திருக்க வேண்டும்.

போதனா வைத்தியசாலையில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர் நிற்பார்கள். நல்ல மர்மர் (இருதயத்தில் கேட்கும் மேலதிகச் சத்தம்) உள்ள நோயாளி மத்தியானத்துக்குள் அலுத்துவிடுவார். மாவட்டப் பொது வைத்தியசாலையில் அந்த நெரிசல் இல்லை. நோயாளி நேரம் எடுத்துப் பேசுவார். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலிருந்து மாற்றி அனுப்பப்படுபவர்களும் இங்கே வருவார்கள். முதல் ஆஸ்பத்திரியில் என்ன கண்டார்கள், வழியில் என்ன ஆனது, இப்போது எப்படி என்று ஒரு நோயின் மூன்று கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். குறை ஒன்றுதான்: உங்களுக்குக் கற்பிப்பதற்கென்று அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். ஹவுஸ் ஒபிசருக்கு (வாட்டில் நிற்கும் இளநிலை டொக்டருக்கு) மூச்சுவிட நேரம் இராது. ஆகவே உங்களுக்கென்று ஒரு முறை வேண்டும்.

அந்த முறைக்கு அடிப்படை ஒன்று. நோயாளியிடம் பேசி, தொட்டுப் பார்த்து, உங்கள் முடிவை எழுதும்வரை பெட் ஹெட் டிக்கெட்டை (நோயாளியின் வாட்டுப் பதிவேட்டை) திறக்காதீர்கள். டிக்கெட்டில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று பார்த்துவிட்டுப் போகிற மாணவருக்கு நெஞ்சின் அடியில் கேட்கும் வெடிப்புச் சத்தம் எல்லாம் இருதயத்தின் சத்தம்தான். அதே ஆளின் விரல் நகம் கிளப்பிங் ஆகி (நுனி பருத்து வளைந்து) இருப்பதையும், இருமிவிட்டுக் கேட்டால் சத்தம் மாறுவதையும், நுரையீரலைக் காட்டும் இந்த அடையாளங்களை, அவர் கவனிக்கப் போவதில்லை. பதில் தெரிந்த பிறகு காது அதைத்தான் தேடும்.

செய்கிற விதம்: காலையில் ஹவுஸ் ஒபிசரிடம், பேசக்கூடிய, நிலை சீரான, நேற்று இரவு அல்லது இன்று வந்த ஒரு நோயாளியின் கட்டில் இலக்கத்தை மட்டும் கேளுங்கள். வருத்தம் என்னவென்று கேட்க வேண்டாம். ஹிஸ்டரிக்கு 25 நிமிடம், பரிசோதனைக்கு 20 நிமிடம். பிறகு கட்டிலை விட்டு விலகி நின்று எழுதுங்கள். முதலில் பிரச்சினை ஒரே வசனத்தில். அடுத்து, சாத்தியமான மூன்று நோய்கள் வரிசைப்படி. ஒவ்வொன்றுக்கும் ஆதரவான ஒரு தகவல், எதிரான ஒரு தகவல். முதலில் எந்தப் பரிசோதனை, அதில் என்ன வருமென்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் இலக்கத்தோடு எழுதுங்கள்: 'ஹீமோகுளோபின் 7 அளவில், எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்) 70க்குக் கீழே' என்று துணிந்து எழுத வேண்டும். கடைசியாக, இன்று இரவு இவரைக் கொல்லக்கூடியது எது என்று ஒரு வரி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். இரவுக் கடமையில் (ஒன்கோலில்) தனியாக நிற்கும்போது முதலில் தேவைப்படுவதும் இதுதான்.

இதற்குப் பிறகு டிக்கெட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் மூன்று விதமாக வரும். நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று. நீங்கள் கேட்டும் நோயாளி உங்களிடம் வேறு மாதிரிச் சொன்னது இன்னொன்று. டிக்கெட்டே பிழையாக இருப்பது மூன்றாவது. மூன்றாவது மாணவர்கள் நினைப்பதைவிட அதிகம். போன தடவை டயக்னோசிஸ் கார்டில் (வீடு போகும்போது கொடுக்கும் நோய்க் குறிப்பு அட்டையில்) இருந்ததைப் பார்த்து 'சீனி, பிரஷர் உள்ளவர்' என்று எழுதியிருக்கும். எத்தனை வருடம், எந்தக் குளிசை, கடைசியாக எப்போது போட்டார் என்பது இராது. நெஞ்சு நோவோடு போன வருடம் வந்தவர் என்பதற்காக 'இருதய நோயாளி' என்று முத்திரை விழுந்திருக்கும். அன்று எடுத்த ஈ.சி.ஜி.யும் ட்ரோப்போனினும் (இருதயத் தசை பாதிப்பைக் காட்டும் இரத்தச் சோதனை) சரியாகவே இருந்திருக்கும்.

ஹிஸ்டரியில் நேரம் போவதும் பிழை வருவதும் சில குறிப்பிட்ட இடங்களில். 'களைக்குது' என்றால் மூச்சு வாங்குகிறதா, உடம்பு சோர்வா என்று உடனே பிரியுங்கள். இல்லாவிட்டால் இரத்தச் சோகையும் இருதய நோயும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அளவை அவர் வாழ்க்கைக்குள் இருந்தே எடுங்கள். கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறார், போன வருடம் எத்தனை? மீன்பிடிக்காரர் என்றால் வலை இழுக்க முடிகிறதா, இழுப்பதை விட்டு எவ்வளவு காலம்? 'கொஞ்ச நாளாக' என்ற பதிலுக்குத் தைப்பொங்கலுக்கு முதலா பிறகா, நோன்புப் பெருநாளுக்கு முதலா பிறகா என்று கேட்டால் திகதி கிடைத்துவிடும். இரவில் எத்தனை தலையணை என்பது பாடப்புத்தகக் கேள்வி. பாயில் படுப்பவரிடம் அது பொருந்தாது. படுத்து எவ்வளவு நேரத்தில் எழும்பி உட்காருகிறார் என்று கேளுங்கள்.

மருந்து விபரத்துக்கு 'என்ன குளிசை போடுறீங்க?' என்று கேட்டால் 'வெள்ளைக் குளிசை இரண்டு' என்றுதான் வரும். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் பார்வையாளர் நேரத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். பையில் உள்ளதை எண்ணிப் பார்த்தால், ஒரு மாதத்துக்குக் கொடுத்தது இரண்டு மாதமாகியும் தீராமல் இருப்பது தெரியவரும். கிளினிக்கில் கொடுத்ததும் வெளி பார்மசியில் வாங்கியதும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருப்பதும் உண்டு. நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து மயங்கி வருபவரிடமும், கந்தசஷ்டி விரதகாலத்தில் வருபவரிடமும் முதலில் கேட்க வேண்டியது இன்சுலினோ சீனியை இறக்கும் சல்ஃபோனைல்யூரியா வகைக் குளிசையோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தாரா என்பது. சிறுநீரகம் பழுதான வயதானவருக்கு அந்தக் குளிசையால் வரும் சீனிக் குறைவு, ஒரு குளுக்கோஸ் ஊசியோடு தீராது. விழித்துக்கொண்டார் என்று துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) அனுப்பினால் இரவில் திரும்பவும் மயங்குவார். ஆகவே அவரை ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பார்கள். ஏன் இன்னும் துண்டு வெட்டவில்லை என்று நோயாளி கேட்டால் விளக்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடியைப் பற்றி 'குடிப்பீங்களா?' என்று கேட்டால் 'இடைக்கிடை' என்பார்கள். கால் போத்தலா அரைப் போத்தலா, கிழமைக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். 33 சதவீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் ஏறத்தாழ 6 யூனிட். கசிப்பு (கள்ளச் சாராயம்) என்றால் யூனிட் கணக்கே பொருந்தாது. அளவை மட்டும் எழுதுங்கள்.

கந்தளாய், சேருவில, கோமரங்கடவலப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பலர் சிங்களம் பேசுவார்கள். பக்கத்துக் கட்டில்காரரை வைத்து மொழிபெயர்த்துக் கேட்பது தனிப்பட்ட விடயத்தை ஊருக்குச் சொல்வதற்குச் சமம். மலம், சிறுநீர், மாதவிடாய் பற்றிய கேள்விகள் உட்பட முப்பது நாற்பது கேள்வியைச் சிங்களத்தில் இரண்டு வாரத்துக்குள் பாடமாக்கலாம். மிஸ்ஸிமாரிடம் (தாதியரிடம்) கேட்டால் உச்சரிப்பையும் திருத்தித் தருவார்கள்.

இனிப் பரிசோதனை. எல்லாத் தொகுதியையும் இங்கே எழுத முடியாது. அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தைப் படித்தும் வாட்டில் பிழைக்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சுவாச வேகத்தை நீங்களே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எந்த வாட்டின் சார்ட்டை எடுத்தாலும் எல்லோருக்கும் அழகாக 20 என்று இருக்கும். நிமோனியா மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் இந்த இலக்கம்தான். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினால் நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்.

பிரஷர் பார்க்கும்போது கஃபின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். சிறிய கஃப் பிரஷரைக் கூட்டிக் காட்டும். முதலில் மணிக்கட்டு நாடி மறையும் புள்ளியைப் பிடித்து, அதற்கு மேல் 30 ஏற்றி, வினாடிக்கு 2 மில்லிமீற்றர் வீதம் இறக்குங்கள். வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடவும் வரும். டெங்கு நோயாளியிடம் அந்தப் பிழை பெரிய பிழை. ஏனென்று கீழே வருகிறது.

கழுத்து நாளம், அதாவது ஜே.வி.பி., வலப்பக்கம், 45 பாகையில், டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். கழுத்தை அதிகம் திருப்பச் சொன்னால் தசை இறுகி எல்லாம் மறையும். மார்பெலும்புக் கோணத்துக்கு மேல் 3 சென்டிமீற்றருக்கு மேல் போனால் உயர்வு. மாணவர்கள் ஏமாறுவது மிக உயர்ந்த ஜே.வி.பி.யில்: மேல் விளிம்பு தாடைக்குப் பின்னால் போய்விடுவதால் துடிப்பே தெரியாது, 'உயர்வில்லை' என்று எழுதிவிடுவார்கள். கால் வீங்கி, ஈரல் பெருத்து, கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயாளியை நேராக நிமிர்த்தி உட்காரவைத்துக் காதுச்சோணையைப் பாருங்கள்; அது துடித்துக்கொண்டிருக்கும்.

மைட்ரல் ஸ்டெனோசிஸின் (இருதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்குவதன்) சத்தம் மல்லாந்து படுத்த நோயாளியிடம் ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கமான டயஃப்ரம் வைத்துக் கேட்டால் கிடைக்காது. இடப்பக்கம் சரித்து, குழிந்த பக்கமான பெல்லை நுனித்துடிப்பின் மேல் மெதுவாக, அழுத்தாமல் வைத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பெல்லை அழுத்தினால் தோல் இறுகி அதுவே டயஃப்ரமாகிவிடும். அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷனுக்கு (அயோர்ட்டிக் வால்வு ஒழுகுவதற்கு) நேரெதிர்: உட்காரவைத்து முன்னால் சாய்த்து, டயஃப்ரத்தை அழுத்தி, மார்பெலும்பின் இடக்கரையில். வயிற்றில் நீர் பார்க்கச் சரிக்கும்போது அரை நிமிடம் பொறுத்துவிட்டுத் தட்டுங்கள்; நீர் இறங்க நேரம் வேண்டும். மண்ணீரலை வலது அடிவயிற்றிலிருந்து தொடங்குங்கள். இடது விலாவுக்குக் கீழே தொடங்கினால் பெரிய மண்ணீரலின் மேலேயே கை இருக்கும், விளிம்பு தட்டுப்படாது.

காய்ச்சல் நோயாளிகள்தான் இந்தப் பக்கத்து வாட்டுகளின் பெரிய பாடசாலை. வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் டெங்கு கூடும். வயலில் இறங்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். காட்டோரத்தில், பற்றைக்குள் வேலை செய்தவர்களிடம் ரிக்கெட்சியா வகைக் காய்ச்சலும் (உண்ணி, சிற்றுண்ணி கடித்து வருவது), சீனி வருத்தம் உள்ள கமக்காரரிடம் மெலியோய்டோசிஸும் (மண்ணிலும் நீரிலும் உள்ள பக்டீரியாவால் வருவது) நினைவில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்து ஒருவர் வந்தால் டெங்கு என்று எழுதத்தான் கை போகும். எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும். வெள்ளை அணு 2,500 என்றால் டெங்குப் பக்கம் சாயலாம். 14,000 ஆகி நியூட்ரோஃபில் (வெள்ளை அணுவில் ஒரு வகை) கூடி, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) உயர்ந்து, கெண்டைக்காலை அமுக்கினால் நோகும், கண்வெள்ளை சிவந்திருக்கிறது, சிறுநீர் குறைகிறது என்றால் எலிக்காய்ச்சலை முன்னுக்கு எழுதுங்கள். என்.எஸ்.1 (டெங்கு வைரஸின் புரதம்) இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று ஆகாது. ஐந்தாம் நாளை நெருங்கும்போது அது மறையத் தொடங்கும். ரிக்கெட்சியாவில் வரும் எஸ்கார் என்கிற கறுத்த பொருக்கைக் கவட்டிலும் அக்குளிலும் மார்பகத்தின் கீழும் தேடுங்கள். உடுப்பை விலக்காமல் 'எஸ்கார் இல்லை' என்று எழுதப்பட்ட டிக்கெட்டுகள் ஏராளம்.

டெங்கு நோயாளி ஒருவரை 48 மணித்தியாலம் விடாமல் பின்தொடருங்கள். அப்பொயின்ட்மென்ட் முழுவதிலும் ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற கட்டம், பிளேட்லெட் 100,000க்குக் கீழே போகும் நேரத்தை ஒட்டித் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். காய்ச்சல் விடுவதும் பெரும்பாலும் இதே நேரம்தான். நோயாளியும் வீட்டாரும் சுகமாகிவிட்டது என்று நினைக்கிற நேரமும் அதுதான்.

இலங்கை வழிகாட்டியின்படி அந்தக் கட்டத்துக்கான மொத்த நீர்க் குவோட்டா, பராமரிப்பு அளவோடு 5 சதவீதம். 50 கிலோ ஆளுக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பராமரிப்பு: முதல் 10 கிலோவுக்கு 1,000, அடுத்த 10க்கு 500, மீதி 30க்கு கிலோவுக்கு 20 வீதம் 600, ஆக 2,100 மில்லிலீற்றர். 5 சதவீதம் என்பது கிலோவுக்கு 50 மில்லிலீற்றர், ஆக 2,500. மொத்தம் 4,600, 48 மணித்தியாலத்துக்கு. நிறை 80 கிலோ என்றாலும் பெரியவர்களுக்குக் கணக்கு 50 கிலோவோடு நிற்கும். வாயால் குடிக்கும் இளநீரும் ஜீவனியும் (உப்புச்சீனிக் கரைசல்) சேலைனும் எல்லாம் இதற்குள் அடங்கும். பிழை நடப்பது இங்கேதான்: வீட்டார் அன்போடு பருக்குகிற இரண்டு இளநீர் எந்தச் சார்ட்டிலும் ஏறாது.

அதை நீங்கள் எழுதலாம். மாணவர் ஒருவர் வாட்டுக்கு உண்மையாகவே உதவக்கூடிய வேலை அது. ஒவ்வொரு மணித்தியாலமும் சிறுநீரை அளந்து கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிலீற்றருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்; 50 கிலோ ஆளுக்கு 25 முதல் 50. குறைந்தால் நீர் போதவில்லை, கூடினால் நீர் கூடிவிட்டது. இரண்டாவதைப் பற்றி மாணவர்கள் கவலைப்படுவதே இல்லை. கசிவு நின்று நீர் திரும்பி வரும் நேரத்தில் நுரையீரல் நிரம்புவது அதனால்தான். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால் உடனே ஹவுஸ் ஒபிசரிடம் சொல்லுங்கள். மேல் அளவு 100 இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள், 100க்கு 80 என்பது அதிர்ச்சி நிலை. பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 40 இருந்தவருக்கு 48 ஆனால் 20 சதவீத உயர்வு, கசிகிறது. நாடி ஓடிக்கொண்டிருக்கும்போது பி.சி.வி. இறங்கினால் தேறிவிட்டார் என்று நினைக்காமல் உள்ளே இரத்தம் போகிறதா என்று யோசிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே தாளில் நேரத்துக்கு எதிராகக் கோடு போட்டு வைத்தால் அந்த நோயின் உடற்றொழிலியல் முழுவதும் கண்முன் வந்துவிடும்.

பாம்புக்கடி பற்றிச் சுருக்கமாக. விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்துவிட்டதா என்று காட்டும் 20 நிமிட உறைதல் சோதனையைப் பார்த்துப் பழகுங்கள்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 1 முதல் 2 மில்லிலீற்றர் இரத்தம், 20 நிமிடம் அசையாமல், பிறகு ஒரு தடவை சரித்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயோ சவர்க்காரத்தில் கழுவிய குழாயோ என்றால் நல்ல இரத்தமும் உறையாது. தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறும். ஐந்தாம் நிமிடத்தில் ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். கையிருப்பில் உள்ள பல பாம்புகளுக்கான இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியனுக்கானது. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும், மூக்கு நிமிர்ந்த சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால் பாம்பைப் பற்றிய ஹிஸ்டரி முக்கியம். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலம் வயிற்று நோவோடு எழும்பி, இமை சரிந்து வந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். மருந்து ஏற்ற முதல் தோலின் கீழ் அட்ரினலின் 0.25 மில்லிலீற்றர் (1:1000) கொடுப்பது ஒவ்வாமையைக் குறைக்கும் என்பது இலங்கையிலேயே நடந்த ஆய்வில் காட்டப்பட்டது. ஒவ்வாமை வந்தேவிட்டால் தசையில் 0.5 மில்லிலீற்றர்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாட் ரவுண்டில் பின்வரிசையில் நின்று மூன்று மணித்தியாலம் எட்டிப் பார்ப்பதால் அதிகம் வராது. ரவுண்டுக்கு ஒரு மணித்தியாலம் முதலே வந்து உங்கள் நோயாளியைப் பார்த்து வைத்தால், அவர் கட்டிலுக்கு ரவுண்ட் வரும்போது கன்சல்டன்ட் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்களுக்கு ஒட்டும். கேஷுவல்டி நாளில் (உங்கள் வாட் புது நோயாளிகளை ஏற்கும் நாளில்) மாலையில் நில்லுங்கள், இரவு பத்து மணி வரையாவது; பெயர் வைக்கப்படாத நோயை அங்கேதான் பார்க்கலாம். பார்வையாளர் நேரத்தில் வாட்டை விட்டுப் போய்விடாதீர்கள். வலிப்பு வந்தவர் எப்படி விழுந்தார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த நேரத்தில்தான் வருவார்.

நோயாளியைப் பற்றிக் கன்சல்டன்ட்டிடம் சமர்ப்பிக்கும்போது நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். நோயாளி சொன்னதைத் தமிழில் அவர் சொன்னபடியே குறித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கேட்கும்போதே மனதுக்குள் ஆங்கிலமாக்கினால் 'நெஞ்சு எரியுது', 'நெஞ்சு இறுக்குது' இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். இல்லாதவற்றின் பட்டியலை நீட்டாதீர்கள். உங்கள் மூன்று நோய்களில் ஒன்றை வெட்டுகிற 'இல்லை' மட்டும் போதும்.

குறிப்புப் புத்தகத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம். பெயரும் டிக்கெட் இலக்கமும் எழுத வேண்டாம், உங்கள் சொந்த இலக்கம் போடுங்கள். படம் எடுக்கவே வேண்டாம். பக்கத்தின் கீழே நான்கு வரி இடம் விட்டு, துண்டு வெட்டும் நாளில் டயக்னோசிஸ் கார்டைப் பார்த்து நிரப்புங்கள். இரண்டு வாரத்தில் இப்படிப் பன்னிரண்டு பேர் வந்தால் தாராளம். நாற்பது பேர் என்றால் நீங்கள் டிக்கெட்டைப் பார்த்து எழுதுகிறீர்கள்.

பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது, நீங்கள் பெண் என்றாலும், திரையை இழுத்து அனுமதி கேட்டு, பார்க்கிற இடத்தை மட்டும் விலக்குங்கள்; முஸ்லிம் பெண்களின் தலைத்துணியை எடுக்காமலே கழுத்தைத் தவிர்ந்த எல்லாவற்றையும் பார்க்கலாம், கழுத்துக்கு மிஸ்ஸியை அருகில் அழையுங்கள். ஊர் ஆஸ்பத்திரி என்பதால் தெரிந்த முகங்கள் வரும். சொந்தக்காரர், அயலவர் என்றால் வேறு கட்டிலைக் கேளுங்கள்.

விடுமுறையில் நிற்பவர் இரத்தம் எடுப்பது, கனுலா (நாளத்தில் ஏற்றும் சிறு குழாய்) போடுவது எதையும் பக்கத்தில் டொக்டர் இல்லாமல் செய்யக்கூடாது. ஊசி குத்திவிட்டால் அமுக்கிப் பிழியாமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்த நிமிடமே வாட்டில் சொல்லிப் பதியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலத்துக்குப் பிறகு பயனில்லை. வெளி மாணவர் என்பதால் திட்டு விழுமென்று பயந்து மறைப்பவர்கள் இழப்பது அந்த மணித்தியாலங்களைத்தான். அனுமதிக் கடிதத்தின் பிரதியோடு தடுப்பூசிக் கார்டின் பிரதியும் பையில் இருந்தால் அங்கே கேள்வி குறையும்.